முள்ளங்கிக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே பொருள் ஏன்? | காட்பாடி லேப் வ்லாக்

வணக்கம் மக்களே. வேலூர் வெயிலைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் வீடியோ அதிலேயே முடிந்துவிடும், நேராக லேபுக்குப் போவோம். போன வீடியோவில் நிறைய பேர் கேட்டது இதுதான்: பாக்டீரியாவைக் கொல்வதற்காகச் செய்கிற பொருளை எதற்கு முள்ளங்கித் தொட்டியில் கலக்கிறீர்கள்? அந்தப் பொருள் அமினோபாஸ்போனேட், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு வேதிப்பொருள்.

முதலில் இந்தக் குடுவையைப் பாருங்கள், அதைச் செய்ய நாம் தொடங்கும் திரவம், ஃபர்ஃப்யூரல். புதிதாக வடித்தால் வெளிர் மஞ்சள். காற்றுப் பட்டு நாளானால் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துவிடும். அம்முண்டி சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை பார்த்திருப்பீர்களே, அதிலுள்ள பென்டோசான் என்ற சர்க்கரைச் சங்கிலியை அமிலத்தோடு சூடாக்கினால் வருவது இதுதான். டொமினிகன் குடியரசில் சக்கையிலிருந்து ஆலை அளவிலேயே எடுக்கிறார்கள். நம் பக்கம் சக்கை பெரும்பாலும் பாய்லருக்குத்தான் போகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

செய்முறை சுருக்கமாக. ஃபர்ஃப்யூரலோடு ஒரு அமீன் (நைட்ரஜன் உள்ள சேர்மம்) சேர்ந்தால் தண்ணீர் பிரிந்து ஷிஃப் பேஸ் என்ற இடைப்பொருள் வரும். அதன்மேல் டைஎத்தில் பாஸ்பைட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் ஏறினால் நம் அமினோபாஸ்போனேட். மூன்றையும் ஒரே குடுவையில் போடும் கபச்னிக்–ஃபீல்ட்ஸ் முறை 1952 முதலே இருக்கிறது. வேலை முடிந்ததா என்று பாஸ்பரஸ் என்எம்ஆர் (பாஸ்பரஸ் அணு எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்று காட்டும் சோதனை) சொல்லும்: அதன் அளவுகோலில் 7 பிபிஎம் பக்கம் இருந்த பாஸ்பைட் சிக்னல் போய் 20 பக்கம் நம் பொருளின் சிக்னல் எழும்.

இப்போது முள்ளங்கி. 1974இல் சந்தைக்கு வந்த கிளைபோசேட் களைக்கொல்லியும் அமினோபாஸ்போனேட் குடும்பம்தான். அது முடக்கும் ஈபிஎஸ்பிஎஸ் என்சைம் செடியிலும் உண்டு, பாக்டீரியாவிலும் உண்டு. நம் உடம்பில் கிடையாது. அதனால் இந்தக் குடும்பத்தில் புதிதாக எது பிறந்தாலும் இரண்டு பக்கமும் விசாரித்தே ஆக வேண்டும். அதற்காக நம் பொருளும் அதே என்சைமைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். கிளைபோசேட் தண்ணீரில் கரையும் அமிலம், நம்முடையது எஸ்டர், எண்ணெய்ப் பக்கம் சாயும் வகை. பங்காளி என்றால் குணமும் ஒன்றா என்ன?

ஓஈசிடி 208 என்ற சர்வதேசச் செடிச் சோதனை முறைப்படி பொருளை மண்ணில் கலந்து ஓட்ஸும் முள்ளங்கியும் விதைக்கிறோம். ஒன்று புல் வகை, மற்றது அகல இலை. பொருள் கலக்காத தொட்டியில் பாதி முளைத்ததும் கணக்கு ஆரம்பம். 14 முதல் 21 நாள் கழித்து வெட்டி எடை போடுவோம். முள்ளங்கி மட்டும் வாடினால் களைக்கொல்லிப் பக்கம் யோசிக்கலாம். இரண்டும் செழித்து பாக்டீரியா மட்டும் செத்தால் எனக்குப் பிடித்த முடிவு அதுதான். பொருள் மண்ணில் சேர்ந்தாலும் செடியைக் கெடுக்கக்கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்று மண்ணை என்ன செய்தது என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் அகார் தட்டு, அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லித் தட்டு. அதில் குழி போட்டுப் பொருளை விட்டால், பாக்டீரியா வளராத இடம் சுற்றிலும் வளையமாகத் தெரியும். வளையம் பெரிதாகத் தெரிந்ததும் குதிக்காதீர்கள்! பொருள் அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதும் அந்த வளையத்தில் சேர்ந்தே இருக்கும். எண்ணெய்ப் பசையான எஸ்டர் பரவவே தயங்கும். அதனால் திரவ ஊடகத்தில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு) பார்க்காமல் நான் வாய் திறக்க மாட்டேன். பொருளைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி ஒன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் கரைப்பான் செய்த கொலைக்கு நம் பொருள் பேர் வாங்கிவிடும். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு வேறு இருப்பதால், அது இல்லாத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அளவுக்குச் சுலபமாக மசியாது. அடுத்த வீடியோவில் அந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன்.