புரோகிராமைப் பேச வைப்பது

வணக்கம் நேயர்களே. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்தும் வாய்க்கால் கடைசி வயலுக்கு வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள்? வாய்க்கால் வழியே நடப்பீர்கள். விசயம் தெரிந்தவர் நேரே நடுப்பகுதிக்குப் போவார். அங்கே தண்ணீர் ஓடினால் உடைப்பு கீழே, இல்லையென்றால் மேலே. தேடவேண்டிய தூரம் பாதியாகிவிடும். புரோகிராமில் பிழை தேடுவதும் இப்படித்தான். இடையிடையே பிரிண்ட் வரி, அதாவது ஒரு செய்தியை வெளியே காட்டும் கட்டளை போட்டு, எதுவரை வந்தாய், கையில் என்ன இருக்கிறது என்று அதையே கேட்கிறோம்.

இதைப் பொடியள் வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதள உலகின் பிரையன் கேர்னிகனே 1979இல், கவனமான யோசனையும் அளவறிந்து போட்ட பிரிண்ட் வரிகளும்தான் ஆகத் திறமான கருவி என்று எழுதியிருக்கிறார்.

உயர்தரத்துக்குப் பைத்தன் என்ற புரோகிராம் மொழி படிக்கும் ஒரு தம்பி, ஊர்க் கமக்காரரின் நெல்லுக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினார். ஆகக்கூடிய விளைச்சல் யாருக்கு என்று கேட்டால், 40 மூட்டைக்காரர் இருக்க, 9 மூட்டைக்காரரைக் காட்டியது. பிரிண்ட் போட்டார். 9, 40, 25. “எல்லாம் சரியாத்தானே கிடக்கு, சேர்?” கண்ணுக்குச் சரிதான். பெறுமதி எண்ணா எழுத்தா என்று காட்டிக்கொடுக்கும் ‘ரெப்ர்’ என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு, அதையும் சேர்த்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி வந்து நின்றது! பைத்தனில் விசைப்பலகையில் தட்டுவதை ‘இன்புட்’ கட்டளை வாங்குவதெல்லாம் எழுத்தாகவே வரும். எழுத்தை ஒப்பிடும்போது முதல் எழுத்துத்தான் முதலில். நாலைவிட ஒன்பது பெரிது, கதை முடிந்தது. ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றினார், 40 மூட்டைக்காரர் வந்துவிட்டார்.

அதனால், வெறுமனே ‘வந்தேன்’ என்று அச்சிடாதீர்கள். பத்து இடத்தில் ‘வந்தேன்’ என்றால் எது எங்கிருந்து வந்தது? இடம், மாறியின் (பெறுமதியை வைத்திருக்கும் பெட்டியின்) பெயர், பெறுமதி, மூன்றையும் போடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பெறுமதி மட்டும் போதாது, இடமும் பெயரும் வேண்டும்.

அப்புறம், கடைசியாக வந்த செய்தியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெளியீட்டைக் கோப்புக்கு அனுப்பினால் செய்திகள் உடனே எழுதப்படாமல் நினைவகத்தில் சேர்ந்து நிற்கும். அந்த நேரம் புரோகிராம் வலுவில் நிறுத்தப்பட்டால் அவையும் போய்விடும். பிள்ளை நாலாம் வரியைக் கிளறிக்கொண்டிருப்பார், புரோகிராம் பத்தாம் வரி வரை ஓடியிருக்கும். பிரிண்டுக்குள் ‘ஃபிளஷ்’ஐ ‘ட்ரூ’ ஆக்கினால் உடனுக்குடன் வரும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். நிரந்தரமாக வைக்கவேண்டிய செய்திகளுக்குப் பைத்தனோடே வரும் ‘லொக்கிங்’ என்ற செய்திப் பதிவு வசதி இருக்கிறது, அதை விளக்க இப்போது நேரமில்லை. மற்ற பிரிண்ட் வரிகளை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் ஒருபோதும் அச்சிடாதீர்கள். நன்றி, வணக்கம்.