எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள்

வணக்கம். பொறியாளர் வேலையிலிருந்து நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்கு, அதாவது ஃபைனான்ஸ் அனலிஸ்ட் வேலைக்கு, மாற நினைக்கிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "கணக்கு கஷ்டமா இருக்குமா சார்?" என்றுதான். நானும் அந்த வழியாக வந்தவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இருக்காது. நாலு அடிப்படைக் கணக்கும் கூட்டு வட்டியும் தெரிந்தால் பெரும்பகுதி ஓடிவிடும். ஐந்து வருடம் கழித்து வரப்போகிற நூறு ரூபாய், பத்து சதவீத வட்டியில் பார்த்தால், இன்றைக்கு ஏறக்குறைய 62 ரூபாய்தான். இதை ஒரு பொறியாளருக்குச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பமானி தப்பாகக் காட்டலாம். ஆனால் அப்படிக் காட்டுவதால் அதற்கு ஒரு லாபமும் கிடையாது. பட்ஜெட்டில் வரும் எண் அப்படியா? விற்பனைப் பிரிவு இலக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்கும். வருடக் கடைசியில் தாண்டிக் காட்டலாமே. செலவு செய்கிற பிரிவு கூட்டிக் கேட்கும். எப்படியும் வெட்டுவார்கள் என்று அதற்குத் தெரியும். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு பட்ஜெட் என் மேஜைக்கு வந்தது. அதில் ஒரு கம்ப்ரஸருக்கான உதிரிபாகச் செலவு, மாதாமாதம் ஒரே தொகை. போன வருடமும் அதே, அதற்கு முந்தின வருடமும் அதே. எந்த இயந்திரம் இவ்வளவு ஒழுங்காகப் பழுதாகும், சொல்லுங்கள்! எக்ஸெல்லை மூடிவிட்டு நேரே ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் சிரித்தார். "அந்தக் கம்ப்ரஸரா? அதைக் கழற்றி ஸ்கிராப்புக்கு அனுப்பியாச்சே தம்பி!" அப்புறம் அந்தப் பணம்? வேறு அவசரத்துக்கெல்லாம் அந்தத் தலைப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவசரங்கள் உண்மை, தலைப்புதான் பொய். தொகையைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை, பெயரை மாற்றினால் போதுமாக இருந்தது. இதை எந்த ஃபார்முலா கண்டுபிடித்திருக்கும்? தொழிற்சாலைத் தளத்தில் கூச்சமில்லாமல் இறங்கி நடக்கிற பழக்கம், அதுதான் பொறியாளர் நிதிப் பிரிவுக்குக் கொண்டுவரும் சொத்து.

இது புதிய யோசனையும் இல்லை. பூட்டுத் தயாரிப்பாளரான ஹென்றி டவுன் என்ற பொறியாளர் 1886-இலேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில், தொழிற்கூட நிர்வாகமும் செலவுக் கணக்கும் பொறியாளரின் வேலைதான் என்று வாதாடினார்.

இன்னொரு விஷயம், லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. சரக்கு போனது, பில் போட்டாச்சு, ஏட்டில் லாபம் ஏறிவிட்டது. பணம் மூன்று மாதம் கழித்து வரும். சம்பளம் இந்த மாதமே கொடுக்க வேண்டும். லாபத்தில் ஓடுகிற நிறுவனம்கூட இப்படித் திணறி நிற்கும். தேய்மானம், அதாவது இயந்திரம் பழசாவதற்காக வருடாவருடம் ஏட்டில் எழுதும் செலவு, இதற்கு நேர் எதிர்: லாபத்தைக் குறைக்கும், ஆனால் அந்த வருடம் பணம் வெளியே போகாது. தொட்டிக்குள் வந்தது, வெளியே போனது, மிச்சம் நின்றது என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆண்டறிக்கையில் பணப்பாய்வு அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். அதிலும் வாடிக்கையாளர் பாக்கி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் யார் தரவேண்டிய பாக்கி என்று கேளுங்கள். பார்த்தீர்களா, மறுபடியும் ஆளிடம்தான் வந்து நிற்கிறோம்.

தேர்வுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஆனால் நேரமாச்சு என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: சி.எஃப்.ஏ. என்ற நிதிப் பகுப்பாய்வுத் தேர்வு மூன்று கட்டம், முதலீட்டுப் பக்கம் சாய்ந்தது. நிறுவனத்துக்குள்ளேயே பட்ஜெட், செலவு என்று வேலை பார்க்க விரும்பினால் சி.எம்.ஏ. என்ற செலவு, நிர்வாகக் கணக்குத் தேர்வு பொருத்தம். இரண்டுக்கும் பணம் கட்டும் முன்பு, உங்கள் அலுவலகத்திலேயே மாத முடிவுக் கணக்கு மூடும் வாரத்தில் நிதிப் பிரிவில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த வாரத்தைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். நன்றி, வணக்கம்.