ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

(கடலூர் முதுநகரில் ஆலைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் கூடிய மாலைக் கூட்டத்தில், நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டீ வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அது வருவதற்குள் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் பிரிவில். மில் சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்துகொள்ளும். எங்கள் வீட்டில் திங்கட்கிழமைக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. அன்றைக்கு வேலை முடிந்து வந்தால் அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். "நெஞ்ச கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கு" என்பார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன்கிழமை அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை அளவில்லாமல் சாப்பிட்டதுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. டாக்டர் பீடி என்றார். பீடி ஒன்றும் யோக்கியமான பொருளில்லை, அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். பீடியை அப்பா ஏழு நாளும் குடித்தார். நெஞ்சு இறுகியது திங்கட்கிழமை மட்டும்தான்.

பல வருடம் கழித்து, மருத்துவப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டும்போது என் வீட்டுத் திண்ணை அப்படியே அதில் இருந்தது. பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வரும் நோய். பஞ்சோடு சேர்ந்து வரும் இலைத் துணுக்கும், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் அதிகமாகத் தெரியும். அடுத்தடுத்த நாளில் உடம்பு சமாளித்துக்கொள்ளும். வருடங்கள் போகப்போக அது செவ்வாய், புதன் என்று நீண்டு, கடைசியில் வாரம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அந்த நோயின் பெயரை அப்பா கடைசிவரை கேட்டதில்லை. மில்லில் எந்தப் பிரிவில் வேலை, எந்தக் கிழமை மூச்சு முட்டுகிறது என்று யாராவது இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். டாக்டர் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கமாட்டார். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். 'கம்பெனியில் வேலை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த டிரம்மைத் திறக்கிறீர்கள், எதைக் கொட்டுகிறீர்கள், எதைக் கழுவுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இங்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடிகாட்டில், பச்சையாங்குப்பத்தில் இருப்பவர்களுக்கு 'கேஸ் அடிக்குது' என்ற வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா கேஸும் ஒரே மாதிரி அடிக்காது. தண்ணீரில் சட்டென்று கரைகிற கேஸ் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்திலேயே கரைந்து அங்கேயே எரிக்கும். அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் இந்த ஜாதி. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவிடுவீர்கள். ஒரு வகையில் அது நல்லது, ஓடச் சொல்லி அதுவே விரட்டுகிறது. குளோரின் நடுத்தரம், மேலேயும் எரிக்கும், கீழேயும் இறங்கும். பயப்பட வேண்டியது சரியாகக் கரையாததற்கு. நைட்ரஜன் டை ஆக்சைடு, பாஸ்ஜீன். மூடிய டேங்குக்குள் இறங்கி வெல்டிங் அடித்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு சேரும். தொண்டையில் லேசான கரகரப்புதான் இருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார்கள். பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், நுரையீரலில் நீர் கோர்த்துக்கொள்ளும். இந்த மாதிரி கேஸ் பட்டவரை 'இப்ப நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மூக்கை நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு என்ற அளவுக்கு ஏறினால் மோப்பம் பிடிக்கும் நரம்பே மரத்துப்போகும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

இனி நாள்பட்ட சங்கதிக்கு வருகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறார். மூட்டை தூக்குகிறவருக்கு அது 40 லிட்டரையும் தாண்டும்; அதுவும் வாயால் இழுப்பார், மூக்கு வடிகட்டுவதற்கு வாய்ப்பே இல்லை. ஏசி அறையில் இருக்கும் சூப்பர்வைசரும் லோடிங்கில் இருப்பவரும் ஒரே காற்றில் இருந்தாலும் ஒரே அளவு வாங்குவதில்லை.

இப்படி வாங்கி வாங்கி வருவது இரண்டு விதம். ஒன்று, எரிச்சல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய் தடித்து, சளி கட்டி, பீடி சிகரெட் தொடாதவருக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு வரும். ஒரே நாளில் பெரிய கசிவில் சிக்கியவருக்கு, அதற்கு முன் இழுப்பே இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் ஆஸ்துமா மாதிரி தொடங்கி மாதக்கணக்கில் நிற்கும். என்னிடம் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை அவர் மனைவி அழைத்து வந்தார். "குளோரின் லீக்காச்சு டாக்டரம்மா. ஊசி போட்டு மறுநாளே டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க. மூணு மாசமா மாடிப்படி ஏற முடியல." அந்தக் கசிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கம்பெனியைப் பொறுத்தவரை அது நடக்கவேயில்லை.

இரண்டாவது விதம், ஒவ்வாமை. பெயின்ட் ஸ்ப்ரேயிலும் ஃபோமிலும் வரும் ஐசோசயனேட் இதற்குப் பெயர் போனது. மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாது. ஒருநாள் உடம்பு அதை எதிரியாக முடிவு செய்துவிடும். பிறகு துளி பட்டாலும் இழுப்பு. இதில் பெரிய தொல்லை என்னவென்றால், காலையில் பட்டதற்குச் சாயங்காலமோ ராத்திரியோதான் மூச்சு முட்டும். வீட்டில் வந்து இருமுவார். தரை ஈரம், கொசுவர்த்தி, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் போகும், வேலையைத் தவிர.

அதனால் என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களே, அந்த நாலு நாள் மூச்சு எப்படி இருந்தது?" பலர் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "அட, அப்ப மூச்சுக்கு இழுக்கிற பம்பே எடுக்கலையே!" என்பார்கள். அப்பாவுக்கு லீவு முடிந்த முதல் நாள் மோசம். இவர்களுக்கு வேலை வாரத்தின் கடைசி நாட்கள் மோசம், லீவில் தேவலை. இரண்டுமே காலண்டரில் தெரியும். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்க, பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு குழல் இருக்கிறது. பெரிய விலை இல்லை. அதில் ஊதி, ஒரு நாளைக்கு நாலு தடவை, குறைந்தது இரண்டு வாரம், வேலை நாளிலும் லீவு நாளிலும் எண்ணை நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். எக்ஸ்ரே சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்கு வேலையிடம் காரணமாகிறது என்று 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சக மருத்துவச் சங்கங்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

எட்டு மணி நேர வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரிக்காரி அதைச் சொல்லாமல் போனால் ஊர் மன்னிக்காது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய 12 தொழிலாளர்கள் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த வருடம் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? அம்மோனியா 25 பிபிஎம், குளோரின் 1 பிபிஎம் வரை இருக்கலாம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னதே, அது எட்டு மணி நேரச் சராசரிக் கணக்கு. மீதி 16 மணி நேரம் நுரையீரல் தன்னைக் கழுவிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. 12 மணி நேரம் நிற்க வைத்துவிட்டு 'அளவுக்குள்தான் இருக்கிறது' என்று மீட்டரைக் காட்டினால், அது சரியான கணக்கில்லை.

மாஸ்க் பற்றிக் கேட்பீர்கள். கைக்குட்டை எதையும் நிறுத்தாது. என்-95 தூசியை நிறுத்தும், கேஸை நிறுத்தாது. கேஸுக்கு, அந்தந்த கேஸுக்கு உரிய கேட்ரிட்ஜ், அதாவது வடிகட்டும் டப்பா, வைத்த மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. எப்படியும் மாஸ்க் கடைசி வழிதான். கசிகிற இடத்தை அடைப்பதும், டிரம் வாயிலேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வைப்பதும்தான் முதல் வேலை. அது முதலாளி செய்ய வேண்டியது. மாஸ்க் கொடுத்துவிட்டால் பொறுப்பு உங்கள் மூக்குக்கு மாறிவிடும், அதனால்தான் அதைச் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல், அந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆபத்தான ரசாயனம் கையாளும் இடத்தில் அதன் கெடுதல் என்ன என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. அவருடைய உடல்நலப் பதிவேட்டை அவர் கேட்டால் காட்ட வேண்டும் என்றது. கேளுங்கள். அந்தச் சட்டத்தில் டாக்டர்களான எங்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது, 89. பிசினோசிஸ், கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், ஐசோசயனேட் பாதிப்பு என்று ஒரு பட்டியலில் இருக்கும் நோயைப் பார்த்தால் டாக்டர் அரசுக்கு எழுதியாக வேண்டும் என்றது. எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020 தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. என் சர்வீஸில் நான் எத்தனை எழுதினேன் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும். முதல் பத்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை. பார்க்கவில்லை என்பதில்லை. கேட்கவில்லை.

டீ வந்துவிட்டது. அதற்குள் பின்னால் ஒரு அம்மா கை தூக்குகிறார். பண்ருட்டிப் பக்கமாம். "நாங்க வீட்டு வாசல்லயே முந்திரிக்கொட்ட வறுக்கிறோம். அந்தப் பொகைக்கு என்ன டாக்டரம்மா சட்டம்?"

வீட்டு வாசலைத் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாகத் தொழிற்சாலையாக எண்ணுவதில்லை அம்மா. உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையையே பொத்துப்போகச் செய்யும், அது எரிந்து வரும் புகை உள்ளே என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஆவியில் வேகவைக்கும் முறைக்கு ஊரில் யாராவது மாறியிருந்தால், கூலி குறைந்தாலும் கொட்டையை அங்கே கொடுத்துப் பாருங்கள். அதுவரை, வறுக்கும் அடுப்பு வாசலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

"காத்து மத்தியானத்துக்கு மேல கடல் பக்கமிருந்து வீசுற மாதிரி திரும்பிடுமே?"

ஆமாம், திரும்பிவிடும். அப்போது நீங்களும் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள்.