முன்னேறணும்னு நெனைக்கது தப்புன்னு நாடகம் சொல்லுதா? அம்பாசமுத்திரத்துத் தம்பி கேட்ட கேள்வி

வணக்கம், எல்லாரும் சொகமா இருக்கீயளா. இந்த வாரக் கேள்வி அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, அப்படியே வாசிக்கேன். "அண்ணாச்சி, எங்க அப்பா 30 வருசம் ஊரு ஊராக் கடைகளுக்குச் சரக்கு கொண்டு போயி விக்க லைன் சேல்ஸ்ல இருந்தாங்க. நான் காலேஜ்ல அமெரிக்க நாடகக்காரர் ஆர்தர் மில்லரோட டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன் நாடகம் படிச்சேன். இந்த நாடகக்காரங்க எல்லாருமே பணம் சேக்கதும் முன்னேறணும்னு நெனைக்கதும் தப்புன்னுதான் சொல்லுதாங்க. அப்ப எங்க அப்பா அலைஞ்சதெல்லாம் தப்பா?"

தப்பே இல்ல தம்பி. அத மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்தது. நீங்க படிச்ச நாடகத்துலயே முன்னேறின ஆளு இருக்காங்கல்லா. கதாநாயகன் வில்லி லோமன், ஊரு ஊராப் போற சேல்ஸ்மேன். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சார்லி, நல்லா தொழில் பண்ணுதவரு, வாரா வாரம் வில்லிக்கு 50 டாலர் கைமாத்து குடுக்காரு, எங்கிட்ட வேலைக்கு வான்னு கூப்பிடவும் செய்தாரு. அவரு மகன் பெர்னார்ட், வக்கீலு, சுப்ரீம் கோர்ட்ல கேஸ் வாதாடப் போறான், ஆனா வில்லிகிட்ட அத ஒரு வார்த்த சொல்லல, அப்பா சொல்லித்தான் தெரியுது. மில்லர் இவங்கள கெட்டவங்களாக் காட்டவே இல்ல. பணக்காரன்னா வில்லன், ஏழைன்னா நல்லவன்னு பிரிச்சு வச்ச நாடகம் இல்ல இது. பாதிப்பேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

அப்ப அது எதத்தான் கேக்குதுன்னா, ஓனர் ஹாவர்டுகிட்ட வில்லி போயி நிக்க சீன எடுத்துக்கோங்க. வில்லிக்கு வயசு 63. இனிமே வெளியூர் லைன் ஓட்ட முடியல, நியூயார்க்லயே ஒரு வேலை குடுன்னு கேக்காரு. வாரத்துக்கு 65 டாலர் போதும்ங்காரு. ஹாவர்டு புதுசா வாங்குன ரெக்கார்டர்ல பிள்ள பேசினதப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கான். கொஞ்சம் பொறவு, 50 இருந்தாப் போதும்ங்காரு. அப்பறம் 40. நாங்க நாலஞ்சு பேரு பாளையங்கோட்டையில ஒரு ரூம்ல உக்காந்து இந்த ஒரு சீன மட்டும் தமிழ்ல சொல்லிப் பாத்தோம், வில்லி வேசம் வாசிச்சவரு அந்த 40-ஐச் சொல்ல முடியாம நிறுத்திட்டாரு. சந்தையில வாங்க வந்தவன்தான் வெலையக் கொறச்சுக் கேப்பான், இங்க ஹாவர்டு ஒண்ணும் கேக்கவே இல்ல, விக்க வந்தவனே தன் வெலையத் தானே கொறச்சுக்கிட்டுப் போறான். 34 வருசம் இந்தக் கம்பெனிக்கு உழைச்சேன், இப்பம் இன்சூரன்ஸ் கட்டக் காசு இல்லன்னு அவரு கத்துத இடத்துலதான் நாடகம் என்ன கேக்குதுங்கது தெரியும். ஆசப்பட்டது தப்புன்னு அது சொல்லல, ஒரு மனுசன எந்தத் தராசுல வச்சு நிறுக்கியன்னு கேக்குது.

இன்னொண்ணு கவனிச்சீயளா, வில்லி தூக்கிட்டு அலையுத அந்தப் பெட்டிக்குள்ள என்ன சரக்கு இருக்குன்னு நாடகம் முழுக்க சொல்லவே மாட்டாங்க. மில்லர்கிட்டயே கேட்டிருக்காங்க, தன்னையத்தான் விக்கான்னு பதில் சொல்லியிருக்காரு.

இதப் படிச்சப்ப எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரல, அரிச்சந்திர நாடகந்தான் ஞாபகம் வந்துச்சு. காசியில பெண்டாட்டி பிள்ளைய வித்து, கடைசியில தன்னையும் வீரபாகுவுக்கு வித்து, சுடுகாட்டுல காவல் நிக்காம்லா ராசா. செத்த மகனத் தூக்கிட்டு வந்த சந்திரமதிகிட்டயே கால்பணமும் முழத்துண்டும் கேக்கான். சின்னப்பிள்ளையில எங்க ஊரு கோயில் கொடையில விடிய விடிய அந்த நாடகம் பாத்திருக்கேன். சனம் பட்டாபிசேகத்துக்கு அழல, மயான காண்டத்துக்குத்தான் அழுதுது. அரிச்சந்திரன் எல்லாத்தையும் தொலைச்சும் அரிச்சந்திரனாவே நிக்கான், வில்லி எல்லாத்தையும் தவண கட்டி முடிக்கான், ஆனா ஆளு இல்லாமப் போறான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க தம்பி, பாடப்புத்தகத்துல கெடைக்காதது கெடைக்கும்.

அந்தக் கொடையில நடந்தது இன்னொண்ணு மறக்க மாட்டேங்கு. சந்திரமதி பிள்ளைய மடியில போட்டு அழுதுக்கிட்டு இருக்கா, நடுவுல மைக்க வாங்கி, பம்பாயிலருந்து வந்திருக்க இன்னாரு கோயிலுக்கு இவ்வளவு ரூவா, துணை நடிகருக்கு இவ்வளவு ரூவான்னு அறிவிச்சாங்க. சந்திரமதி வேசக்காரரு அழுகைய நிறுத்திட்டுக் கும்பிட்டாரு, பொறவு திரும்ப அழுதாரு. எனக்கு அப்பம் கோவம் வந்துச்சு. இப்பம் யோசிச்சா அந்தப் பம்பாய்க்காரரு மேல கோவம் இல்ல, ஊர விட்டுப் போயி கடையில படுத்து எந்திரிச்சு சம்பாதிச்ச காசு அது, ஊரு தன்னையப் பாக்கணும்னு அவருக்கும் ஆச இருந்திருக்கும், ஆனா ஊருக்கு அவரக் கணக்குல வச்சுக்க அந்தத் தொகைய விட்டா வேற வழி தெரியல.

வில்லிக்கும் அப்படி ஒரு ஆளு உண்டு, அண்ணன் பென். 17 வயசுல காட்டுக்குள்ள போனேன், 21-ல பணக்காரனா வெளிய வந்தேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, எப்படின்னு மட்டும் சொல்ல மாட்டாரு. மேடைங்கதோட பலம் இங்கதான் இருக்கு. இப்பத்து கதை நடக்கும்போது நடிகருங்க வாசல் வழியாத்தான் வரணும், போகணும், பழைய காலம் வந்துட்டா செவுரு இருக்க இடத்துலயே குறுக்க நடந்து வந்துருவாங்க. அதனால பென் வீட்டுக்குள்ள சாதாரணமா வந்து நிப்பாரு, வில்லி இந்தப் பக்கம் சார்லியோட சீட்டு ஆடிக்கிட்டே அந்தப் பக்கம் செத்துப்போன அண்ணனுக்கும் பதில் சொல்லுவாரு. தவண கட்டி முடியாத ஃபிரிட்ஜும் கோடீஸ்வரக் கனவும் ஒரே அடுக்களையில. சினிமால வெட்டி வெட்டிக் காட்டுவாங்க, மேடையில ரெண்டும் ஒரே நேரத்துல நம்ம கண்ணு முன்னாடி நிக்கும்.

நம்ம பக்கத்துல இதப் பத்திப் பேசுனா எல்லாரும் ரத்தக்கண்ணீரச் சொல்லுவாங்க, எம்.ஆர்.ராதா மேடையில போட்டு 1954-ல சினிமாவாகவும் வந்தது. ராதா நடிப்பு பெரிய நடிப்புதான், மறுக்கல. ஆனா பணத்திமிருல ஆடுனவனுக்கு தொழுநோய தண்டனையாக் குடுக்கதுல எனக்கு உடன்பாடு கிடையாது, நோயாளி என்ன பாவம் செஞ்சான். மில்லர் அப்படித் தண்டிக்க மாட்டாரு. ஆல் மை சன்ஸ்னு 1947-ல அவரு நாடகம் ஒண்ணு, அதுல விரிசல் விட்ட எஞ்சின் பாகத்த பிளேனுக்கு அனுப்புன முதலாளி ஜோ கெல்லர், 21 பைலட்டுங்க செத்துப்போறாங்க, அவரு சொல்லுத ஒரே பதிலு, எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான். அதக் கேக்கும்போது நாம யாரையும் திட்ட முடியாது, நம்ம வீட்டுலயும் அதே பேச்சுதான.

இது அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்னன்னும் சிலரு கேக்காங்க. சேல்ஸ்மேன் 1949-ல நியூயார்க்ல வந்தது, 742 ஷோ ஓடிச்சு. 1983-ல மில்லரே சீனாவுக்குப் போயி பெய்ஜிங்ல சீன மொழியில அத டைரக்ட் பண்ணினாரு. அப்பம் அந்த ஊருல சேல்ஸ்மேன்ங்க வேலையே பெருசாக் கெடையாது, இருந்தும் சனத்துக்குப் புரிஞ்சுது, பையன் பெரியாளா வரணும்னு அடிச்சுக்கிடுத அப்பன எல்லா ஊருக்காரனுக்கும் தெரியும்லா.

கடைசி சீன்ல வில்லிய அடக்கம் பண்ணுதாங்க. 20,000 டாலர் இன்சூரன்ஸ் மகனுக்குக் கெடைக்கும்னு கார எடுத்துட்டுப் போயி செத்திருக்காரு, அந்தப் பணம் வந்துச்சான்னு நாடகம் சொல்லவே இல்ல. சாவுக்கு ஊரே தெரண்டு வரும்னு நெனச்சவரு, வந்தது வீட்டு ஆளுகளும் சார்லி, பெர்னார்டும் மட்டுந்தான். பெண்டாட்டி லிண்டா குழி முன்னாடி உக்காந்து, இன்னைக்குத்தான் வீட்டுக் கடனோட கடைசி தவணையக் கட்டுனேன், இப்பம் வீட்டுல ஆளுதான் இல்லன்னு சொல்லுதா.

தம்பி, உங்க அப்பா எந்தெந்த ஊரு லைன் போனாங்க, பையில என்ன சரக்கு கொண்டு போனாங்க, மத்தியானச் சாப்பாடு எங்க, எந்தக் கடைக்காரரு பாக்கி வைக்காமக் குடுத்தாரு, இதெல்லாம் ஒரு நாளு உக்காந்து கேளுங்க. அவங்க சொல்லுத மாதிரியே எழுதி அனுப்புங்க, நாங்க அந்த ரூம்ல சத்தமா வாசிச்சுப் பாக்கோம்.