என்ஜின் பெரிசு, பிரேக் சின்னது: ஓட்டக்காரி சைக்கிள் ஏறினால் என்ன நடக்கும்?

[காட்சி: விடியற்காலை. கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலை. மூடுபனி. சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் தெரிகிறது.]

வணக்கம். நீங்கள் பார்க்கிற இந்தச் சாலை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. தூரம் 33 கிலோமீட்டர். மேலே சுமார் 1,790 மீட்டர் உயரம், கீழே சுமார் 320. நடுவில் தேயிலைத் தோட்டம், காடு, குரங்கு, இலை மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள், சில நாள் யானை.

இந்தச் சாலையில் நான் முதன்முதலில் கியர் சைக்கிளில் இறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன். அரவேணு தாண்டுவதற்குள் விரல்கள் மரத்துப்போயின. பாதி குளிர், பாதி பயம். இரண்டு பிரேக்கையும் கெட்டியாகப் பிடித்தேன், விடவே இல்லை. குஞ்சப்பனை நெருங்கும்போது ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. லாரியாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு வண்டியும் இல்லை. இறங்கி ரிம்மைத் தொட்டேன். ஆள்காட்டி விரல் நுனி சுட்டுக் கொப்பளித்துவிட்டது.

[காட்சி: ரிம்மும் பிரேக் கட்டையும், மிக அருகில்.]

ஏன் சுட்டது? சின்னக் கணக்குதான். நானும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்று வையுங்கள். 1,470 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகமாக இறங்குகிறவருக்கு அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவருக்கு? அதில் பெரும்பகுதி அந்த மெல்லிய ரிம்மிலும் கட்டைவிரல் அளவு ரப்பரிலும் போய் இறங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் புது ஆள் இல்லை. எட்டு வருடம் 800 மீட்டர் ஓடியவள். நெஞ்சும் நுரையீரலும் தயாராக இருந்தன. கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கு ஏன் திடீரென்று பழைய உற்சாகம் திரும்புகிறது? இந்த வீடியோ அதைப் பற்றியது. என் பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. என்ஜின் பழையது, வண்டி புதியது.

முதலில், ஓட்டம் ஏன் கசந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் பி.டி. சார் சொல்லித்தான் ஓட வந்தேன். மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று போனது. கீழ்நாட்டுப் பிள்ளைகள், "நீங்க மலைக்காரங்க, உங்களுக்கு மூச்சு தானா வரும்" என்பார்கள். அப்படி எல்லாம் தானாக வராது. ஓட்டக்காரர்கள் உயரத்தில் பயிற்சி எடுக்கப் பெயர்போன கென்யாவின் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. எங்கள் கோத்தகிரி அதைவிட 600 மீட்டர் கீழே. பயிற்சி முகாம் என்றால் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்குப் போவோம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றில் ஆக்சிஜன் விகிதம் அதே 21 விழுக்காடு. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது குறைவு. முதல் வாரம் தலைவலி, இரண்டாவது வாரம் பழக்கம். மலைக்காரிக்கும் அதே கதிதான்.

என் சிறந்த நேரம் 2 நிமிடம் 16 விநாடி. 17 வயதில் ஓடியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் 2:16-க்குக் கீழே வரவே இல்லை. 2:17, 2:18, 2:17. ஒரு பயிற்சியாளர், பெயர் வேண்டாம், "ரெண்டு கிலோ குறைச்சா ரெண்டு செகண்ட் குறையும்" என்றார். குறைத்தேன். நேரம் குறையவில்லை. மாதவிடாய் நின்றது. எட்டு மாதம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொந்தரவு விட்டது என்று சந்தோஷப்பட்ட மடச்சி நான்.

அப்புறம் வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. ஸ்கேனில் மயிரிழை விரிசல்.

[காட்சி: கால் எலும்பின் வரைபடம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு அம்புக்குறி.]

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை உங்கள் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. எலும்பில் அதனால் நுண்ணிய சேதம் வருவது சகஜம். உடம்பு ராத்திரியில் கொத்தனார் வேலை பார்த்து அதைப் பூசிவிடும். பூசுவதற்குச் சாந்து வேண்டுமே? சாப்பாடு போதாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். முதலில் கருப்பை வேலையை நிறுத்தும், பிறகு எலும்பு வேலையை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும். எனக்கு இதை முதலில் சொன்னவர் எலும்பு டாக்டர். காலைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்டது: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?"

மூன்று மாதம் ஓடக்கூடாது, சைக்கிள் மிதிக்கலாம் என்றார். சித்தப்பா மகனிடம் ஒரு கியர் சைக்கிள் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் அன்றைக்கு இறங்கினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். இறங்கியவள் ஏறித்தானே வீட்டுக்கு வரவேண்டும்? அந்த ஏற்றம் 3 மணி 40 நிமிடம் எடுத்தது. மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

அடுத்த வாரம் 3 மணி 20. அதற்கடுத்த வாரம் 3 மணி 5.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று வருடத்தில் அரை விநாடிகூடக் குறைக்க முடியாதவள், இரண்டே வாரத்தில் 35 நிமிடம் குறைத்தாள். எப்படி?

இதயம் அதே இதயம். எட்டு வருட ஓட்டத்தில் ஒரு துடிப்புக்கு அது தள்ளுகிற ரத்தம் கூடியிருந்தது, ரத்தநாளங்கள் பெருகியிருந்தன. இவற்றுக்கு நீங்கள் ஓடுகிறீர்களா, மிதிக்கிறீர்களா என்று தெரியாது. 800 மீட்டர் பார்க்க வேக ஓட்டம் மாதிரி இருந்தாலும், அதற்கான ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியில்தான் வருகிறது. ஆகவே என்ஜின் அப்படியே சைக்கிளுக்கு மாறியது. மாறாதது தசை. ஓட்டக்காரியின் குதிகால் நாண் ஒரு ஸ்பிரிங். தரையில் அழுந்தி எழும்போது ஆற்றலைத் திருப்பித் தரும். பெடலில் அந்த ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. முழுப் பளுவும் தொடைக்கு. முதல் வாரம் மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடித்தேன். தொடை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, உள்ளே சும்மா காத்திருந்த என்ஜினின் பலம் சக்கரத்துக்கு வந்தது. வெறுமனே தொடங்குகிறவருக்கு இந்த வேகத்தில் முன்னேற்றம் வராது. பழைய ஆட்டத்திலேயே இருப்பவருக்கும் வராது.

சரி, சந்தோஷம் எங்கிருந்து வந்தது?

மூளை விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால், டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் துள்ளின. வரும் என்று முன்பே தெரிந்த சாறு வந்தால், கிடைக்கும் நேரத்தில் அவை சும்மா இருந்தன. எதிர்பார்த்தது வராவிட்டால், வழக்கத்தைவிடவும் அடங்கின. என் 2:17 மூன்றாவது வகை. நல்ல ஓட்டம்தான், ஆனால் 2:16 எதிர்பார்த்தவளுக்கு அது வராத சாறு. சைக்கிளில் எனக்கு எதிர்பார்ப்பே இல்லை. வந்ததெல்லாம் லாபம்.

நடுவில் ஒரு ஊட்டிக் கதை. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் வகுக்கப்பட்டன. அதற்குச் சில வருடம் முன்பு, 1875-ல், ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் இல்லை, வேறு ஆள்) பழைய மேசை ஆட்டத்தில் சில வண்ணப் பந்துகளைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்; அதுதான் ஸ்னூக்கர் ஆனது. ஒரே ஆட்டம் அலுத்துப்போனால் மனிதர்கள் செய்கிற வேலைதான் இது.

[காட்சி: பனிச்சறுக்குத் தாண்டல் மேடை. அடுத்து மலைச்சாலையில் சைக்கிள் கூட்டம்.]

மாறியவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச். பனிச்சறுக்குத் தாண்டல் வீரர். 2007-ல் ஜூனியர் உலகப் போட்டியில் அணியோடு தங்கம். அதே வருடம் பிளானிட்சாவில் மோசமாக விழுந்தார். பிறகும் சில வருடம் தாண்டினார், பழைய உயரம் வரவில்லை. 22 வயதில் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். அந்த வயதில் மற்றவர்கள் பத்து வருடம் மிதித்து முடித்திருப்பார்கள். 2019, 2020, 2021, 2024 என நான்கு முறை ஸ்பெயினின் வுவெல்டா சுற்றுப் பந்தயத்தை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் நேரப் பந்தயத்தில் தங்கம். 2023-ல் இத்தாலியின் ஜீரோ சுற்றுப் பந்தயம். பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை 2020-ல் கடைசிக்கு முந்தைய நாளில் கோட்டைவிட்டார். அதைப் பார்த்து நான் அழுதேன் என்று சொன்னால் தம்பி சிரிக்கிறான்.

மாறினால் திரும்பக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டி 18 வயதில், 2014-ல், டென்னிஸை நிறுத்திவிட்டு பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடப் போனார். தனியாளாக ஆடிப் பழகியவருக்கு ஓர் அணி கிடைத்தது. 2016-ல் டென்னிஸுக்குத் திரும்பினார். 2019 பிரெஞ்சு ஓபன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓபன். நம்மூர் வருண் சக்கரவர்த்தி விளையாட்டை மாற்றவில்லை, ஆட்டத்துக்குள்ளேயே வேலையை மாற்றினார். விக்கெட் கீப்பர், பிறகு வேகப்பந்து, முழங்கால் காயம், பிறகு சுழல்.

இனி எச்சரிக்கை. நீங்கள் மாறுவதாக இருந்தால், உங்கள் என்ஜின்தான் உங்களுக்கு ஆபத்து. நுரையீரல் "இன்னும் போ" என்று சொல்லும். நாண்களும் கைத்திறனும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. நீச்சலிலிருந்து ஓட்டத்துக்கு வருகிறவர்கள் இரண்டாவது மாதத்தில் கால்வலியோடு உட்காருவது இதனால்தான். மலைச்சாலையில் இது இன்னும் மோசம்: மூச்சு இருக்கிறவரை ஏறிவிடுவீர்கள், இறங்குவதற்கு மூச்சு உதவாது. எனக்குப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடை அண்ணன். "வளைவுக்குள்ள போயிப் பிடிக்காத கண்ணு. முன்னாடியே பிடி, பிடிச்சிட்டு விடு. ரிம்முக்கும் மூச்சு வேணும்ல" என்றார். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன்மேல், கண் வளைவின் முடிவில். அவ்வளவுதான். வருவதற்கு நான்கு மாதம் ஆனது.

இன்னொன்று, சைக்கிள்காரர்கள் சொல்லாதது. சைக்கிளில் எலும்புக்கு அதிர்ச்சி இல்லை. அது என் விரிசலுக்கு நல்லது, நீண்ட காலத்துக்கு நல்லதல்ல. அடி வாங்காத எலும்பு கெட்டிப்படாது. சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். டாக்டர் அனுமதித்த பிறகு வாரம் இரண்டு நாள் கயிறு தாண்டுகிறேன்.

உண்மையைச் சொன்னால், என் சந்தோஷத்தில் ஒரு பங்கு டோபமினும் இல்லை, தத்துவமும் இல்லை. வர்க்கி, எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட். ஏறும்போது அரவேணு டீக்கடையில் நிற்பேன். முதல் தடவை வழக்கம்போல் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டேன். கடை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேட்டுப்பாளையத்துல இருந்தா மிதிச்சிட்டு வர்ற? சக்கரை இல்லாம எப்படிப் பாப்பா வீடு போயிச் சேருவ?" என்று இரண்டு கரண்டி போட்டார். கூடவே ஒரு தட்டில் வர்க்கி. நான்கு தின்றேன். டீயில் நனைந்து அடியில் விழுந்த துண்டையும் ஸ்பூனால் எடுத்துத் தின்றேன். எடை மெஷின் நினைப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. மூன்றாவது மாதம் மாதவிடாய் வந்தது. அம்மாவிடம் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் உளுந்தங்களி கிண்டினார்.

இப்போது அந்த ஏற்றம் 2 மணி 20 நிமிடம். குறைவது நின்றுவிடும், தெரியும். அன்றைக்கு என்ன செய்வேன் என்று இப்போதே கேட்காதீர்கள்.

[காட்சி: மேட்டுப்பாளையம், சைக்கிள் கடை. தலைகீழாக நிற்கும் சைக்கிள்.]

போன வாரம் இறங்கினபோது அண்ணன் கடைக்குப் போனேன், பிரேக் கட்டை மாற்ற. ஆரம்பத்தில் மாதம் ஒரு செட் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்து பார்த்தார்.

"எப்ப மாத்துனது?"

"பொங்கலுக்கு முன்னாடிண்ணா."

நகத்தால் கட்டையைச் சுரண்டினார்.

"பாதிகூடத் தேயலையே. போயிட்டு ஆடிக்கு வா."