பானை நிரம்பவில்லை

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரிந்த பகுதிதான். ஆனால் அடுத்த மாதச் சம்பளம் வருமா வராதா என்று தெரியாத நேரத்தில் வாசித்தால் இது வேறு மாதிரி கேட்கும்.

மழை பெய்யாது என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாபிடம் போய்ச் சொன்ன தீர்க்கதரிசி எலியா. அவரைக் கர்த்தர் கேரீத் ஆற்றங்கரைக்கு அனுப்புகிறார். காலையிலும் மாலையிலும் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. தாகத்துக்கு ஆறு இருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் பிரசங்கம் செய்ய எவ்வளவு சுலபமாக இருக்கும்! ஏழாம் வசனத்தைப் பாருங்கள். தேசத்தில் மழை பெய்யாததால் ஆறு வற்றிப்போயிற்று. கர்த்தரே காட்டிய ஆறு, சொன்னபடி போய் உட்கார்ந்த மனிதர், அப்படியும் வற்றியது.

வேலை போனால், தொழில் படுத்துவிட்டால், நம்மில் பலர் முதலில் கேட்பது "நான் என்ன பாவம் செய்தேன்?" என்றுதான். அந்தக் கேள்வியோடு பல ராத்திரி தூங்காமல் கிடந்தவன் நான். எட்டு மாதம் எனக்கு வேலை இல்லை. முதல் இரண்டு வாரம் மனைவியிடம்கூடச் சொல்லாமல், வழக்கம்போல் காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தேன். அந்த நாட்களில்தான் இந்த வசனம் என்னைப் பிடித்து நிறுத்தியது. எலியாவின் பாவத்தால் அந்த ஆறு வற்றவில்லை. பஞ்சம் வந்தால் தீர்க்கதரிசி குடிக்கிற ஆறும் வற்றத்தான் செய்யும்.

சரி, அடுத்து எங்கே அனுப்புகிறார்? சீதோனைச் சேர்ந்த சாறிபாத்துக்கு, ஒரு விதவையின் வீட்டுக்கு. அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். இரண்டு விறகு பொறுக்கி, மகனோடு கடைசியாக ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுச் சாகத் தயாராக இருந்தவள். முதலில் தனக்கு ஒரு சிறிய அடை செய்து தரச் சொன்னார் எலியா; மழை பெய்யும் நாள்வரை மாவும் எண்ணெயும் குறையாது என்று கர்த்தர் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார். அவள் அப்படியே செய்தாள். மாவு செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறையவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பானை நிரம்பி வழிந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. அவள் மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தபோதும் உள்ளே கொஞ்சம்தான் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பஞ்சம் முடிகிற வரைக்கும் அவள் ஒவ்வொரு நாளும் பானைக்குள் கைவிட்டுத் துழாவித்தான் பார்த்திருப்பாள். அவள் கேட்ட வாக்கு உண்மைதான். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது எப்போதும் அடிமாவு.

எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த மன்னா என்கிற உணவும் இப்படித்தான். தலைக்கு ஒரு ஓமர், அதாவது ஒரு நாளைக்குப் போதுமான அளவு. பயந்துபோய் மறுநாளைக்கென்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. 40 வருஷம் அந்த ஜனங்கள் ஒவ்வொரு இரவும் அடுத்த வேளைக்கு ஒன்றும் இல்லாமல்தான் படுத்தார்கள், ஓய்வுநாளுக்கு முந்தின ராத்திரி தவிர. "அன்றன்றுள்ள அப்பத்தை" என்று ஆண்டவர் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததும் இந்த அளவுதான்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் சேமிப்பது அவிசுவாசமா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. எகிப்தில் பஞ்சம் வருமுன் விளைச்சலான ஏழு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னவர் யோசேப்பு. வரவு செலவைக் கணக்குப் பார்த்து எழுதுங்கள். ஆனால் காணிக்கை போட்டால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று கடனில் இருப்பவனிடம் யாராவது சொன்னால், எனக்குக் கோபம் வருகிறது. சாறிபாத் விதவையைக் காட்டி ஏழையின் கடைசிப் பிடியைப் பறிக்கக் கூடாது. எலியா அந்த வீட்டிலேயே தங்கி, அதே பானையிலிருந்து அவளோடு சாப்பிட்டவர்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் இன்னொரு விதவை. கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எலியாவுக்குப் பின் வந்த தீர்க்கதரிசி எலிசா அவளிடம், அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிவரச் சொல்கிறார். அவள் கஷ்டம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். அவளிடம் இருந்த எண்ணெய் அந்தப் பாத்திரங்கள் நிறையப் பெருகினபோது, அதை விற்று முதலில் கடனைக் கட்டச் சொன்னார். அற்புதம் நடந்த வீட்டிலும் பாத்திரம் பக்கத்து வீட்டுக்காரருடையதுதான்.

நம் சபையில் கல்யாணத்தை, பிரசவத்தை, வியாதியை எழுந்து நின்று ஜெபக்குறிப்பாகச் சொல்கிறோம். கடனைச் சொல்வதில்லை. வெட்கமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. கூட்டம் முடிந்ததும் நான் கிளம்பமாட்டேன், இந்த முன்வரிசையில்தான் இருப்பேன். எவ்வளவு கடன், யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம், அப்புறம் சேர்ந்து அந்தத் தாளைப் பார்ப்போம்.