பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லையா? முதலில் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள்

[காட்சி: மண்டபத்தில் ஒரு வீட்டு முன்னறை. ஜன்னலோர மேசையில் சின்ன லேசர் பிரிண்டர். வெளியே மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.]

வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[ஒலி: உள்ளே ரோலர் மூன்று முறை சுற்றுகிறது. நிற்கிறது. சிவப்பு விளக்கு மின்னுகிறது.]

ட்ரேயில் ஐம்பது தாளாவது இருக்கும். பிரிண்டரோ பேப்பர் இல்லை என்கிறது. ரோலர் சுற்றுவது காதில் விழுகிறது, தாள் மட்டும் அசையவில்லை. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய எந்த ஊரில் நீங்கள் லேசர் பிரிண்டர் வைத்திருந்தாலும், ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பீர்கள்.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு மதினி கூப்பிட்டார். "தம்பி, பிரிண்டர் கெட்டுப்போச்சு. ஒண்ணு இழுக்கவே மாட்டேங்குது, இல்லேன்னா நாலு தாளைச் சேர்த்து இழுக்குது. கடையில கேட்டா புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க." பையனின் காலேஜ் ப்ராஜெக்டை மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். போய்ப் பார்த்தேன். பிரிண்டர் கெட்டிருக்கவில்லை. பேப்பர் நமத்துப் போயிருந்தது.

மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் என்ன ஆகிறதோ, அதேதான் பேப்பருக்கும் ஆகிறது. பேப்பர் மரநார். காற்றில் ஈரம் இருந்தால் குடித்துக்கொள்ளும், வறண்டால் விட்டுவிடும். நமக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்று வீசத் தொடங்கினால் உப்புப் பாத்திரத்தில் தண்ணீர் கசிகிறது, தீப்பெட்டி பற்ற மறுக்கிறது. அந்த அறையில்தான் உறை கிழிந்த பேப்பர் கட்டும் வாரக்கணக்கில் கிடக்கிறது.

[நெருக்கக் காட்சி: இரண்டு கைகள், இரண்டு தாள்கள்.]

இங்கே பாருங்கள். இடது கையில் இருப்பது ட்ரேயில் பத்து நாள் கிடந்த தாள். வலது கையில் இருப்பது இப்போது பிரித்த கட்டிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒரு ஓரத்தில் பிடித்து ஆட்டுகிறேன். புதுசு சடசடவென்று சத்தம் போடுகிறது. பழசு துணி மாதிரி தொங்குகிறது. அதன் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் லேசான அலை தெரியும். ஓரம் ஈரத்தைக் குடித்து நீண்டுவிட்டது, நடுப்பகுதி நீளவில்லை. அந்த வித்தியாசம்தான் அலை. இந்தத் தாளை ட்ரேயில் வைத்துவிட்டு ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பேங்க் கவுண்டரில் நோட்டு எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலை ஈரப் பஞ்சில் தொட்டு, மேல் நோட்டை மட்டும் தள்ளுவார்கள். விரலுக்கும் மேல் நோட்டுக்கும் இடையே பிடிப்பு அதிகம், நோட்டுக்கும் நோட்டுக்கும் இடையே பிடிப்பு குறைவு. அதனால்தான் ஒன்று மட்டும் வருகிறது. பிரிண்டருக்குள் அந்த விரல்தான் பிக்கப் ரோலர், ரப்பர் உருளை. அதற்கு எதிரே கீழிருந்து ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும், பெயர் செப்பரேஷன் பேட். மேல் தாளோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது தாளைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. ரோலரின் பிடிப்பு பேடின் பிடிப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். பேடின் பிடிப்பு தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். தாள் நமத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, நாலு சேர்ந்து வருகிறது. ரோலர் வழுக்கினால் ஒன்றுமே வருவதில்லை. மதினி சொன்ன இரண்டு தொல்லையும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும்.

சரி, முதல் வேலை. ட்ரேயில் இருப்பதை முழுக்க எடுத்துத் தனியே வையுங்கள். அதன் மேலேயே புதுப் பேப்பரை அடுக்காதீர்கள். புதுக் கட்டிலிருந்து முப்பது தாளை எடுத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து மறு ஓரத்தை விசிறி மாதிரி விரித்து விடுங்கள். மேசையில் தட்டி ஓரத்தைச் சமமாக்கி வையுங்கள். ட்ரேயின் பக்கத் தடுப்புகள் தாளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அழுத்தக் கூடாது. இறுக்கினால் தாள் வளைந்து நின்றுவிடும். தளர்ந்தால் கோணலாகப் போகும். ட்ரேயில் ஒரு உயரக் கோடு இருக்கும், அதைத் தாண்டி அடுக்காதீர்கள்.

மதினி வீட்டில் அன்றைக்கு இவ்வளவுதான் செய்தேன். எண்பத்தி இரண்டு பக்கமும் தடங்கல் இல்லாமல் வந்தது.

நமத்த தாளை வெயிலில் காயவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து சுருளும், பிறகு இன்னும் மோசமாக மாட்டும். அதைப் பையன்கள் கணக்குப் போடக் கொடுத்துவிடுங்கள்.

[காட்சி: பிளக்கைப் பிடுங்குகிறார். முன்கதவைத் திறந்து டோனரை எடுத்து, ஒரு துண்டால் மூடி வைக்கிறார்.]

புதுப் பேப்பர் வைத்தும் இழுக்கவில்லை என்றால் ரோலரைப் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஃப்யூசர் என்கிற சூடாக்கும் பகுதி 200 டிகிரி அளவுக்குச் சூடேறும், ஆற அரை மணி நேரம் கொடுங்கள். டோனரை, அதாவது மைப் பவுடர் இருக்கும் பெட்டியை, வெளியே எடுத்தால் வெளிச்சத்தில் விடாதீர்கள், அதிலுள்ள டிரம் என்கிற உருளைக்கு வெளிச்சம் ஆகாது. துண்டு போட்டு மூடினால் போதும்.

[நெருக்கக் காட்சி: போன் டார்ச் வெளிச்சத்தில் ரோலர்.]

டார்ச்சை இப்படிச் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல ரோலர் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரியும். தேய்ந்த ரோலர் பளபளக்கும். இந்த ரோலரில் நடுவே ஒரு வெள்ளைப் படலம் தெரிகிறதா? அது பேப்பர் தூள். நம் ஊரில் அதோடு உப்புக்காற்றும் நைஸ் மணலும் சேர்ந்துகொள்ளும். வெள்ளைத் துணியைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்து, சொட்டச் சொட்ட இல்லாமல் நன்றாகப் பிழிந்து, ரோலரைக் கையால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உவர்ப்புத் தண்ணீர் காய்ந்தால் ரப்பர் மேல் உப்பு படியும், துடைத்ததே வீண். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். எண்ணெய்க் கையாலும் தொடாதீர்கள். அதே துணியால் கீழே இருக்கும் பேடையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் காயட்டும்.

[காட்சி: துடைத்த துணி. அதன்மேல் சாம்பல் நிறக் கோடு.]

காய்ந்ததும் விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். விரல் தடுத்து நின்றால் ரோலருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கண்ணாடி மாதிரி வழுக்கினால் ரப்பர் இறுகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும் என்பார்கள். ஓரிரு வாரம் ஓடும், ஆனால் ரோலர் வட்டம் கெட்டு, தாள் கோணலாகப் போகத் தொடங்கும். மாடல் எண்ணைச் சொல்லி ரோலரும் பேடும் சேர்த்து வாங்கி மாட்டுவதே நல்லது. புதுப் பிரிண்டர் விலையில் அது ரொம்பச் சின்னப் பங்கு.

பேடின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே உப்புக்காற்று அரிப்பு ஓயாத தொல்லையாக இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலத்தைத் திறந்தார்கள். அதே காற்றுதான் உங்கள் ஜன்னல் வழியாகவும் வருகிறது. ஸ்பிரிங் துருப்பிடித்து வலுவிழந்தால் பேடுக்கு அழுத்தம் போதாது, தாள் சேர்ந்து சேர்ந்து வரும். பிரிண்டரை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள், வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடுங்கள்.

[காட்சி: ட்ரே வழியாகத் தாள் போகும் பாதை, வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்தது.]

அடுத்து, தாள் உள்ளே போய்ப் பாதியில் மாட்டுவது. பிரிண்டர் இதை ஜாம் என்று சொல்லும். இதை எடுக்கும் விதத்தில்தான் பலர் பிரிண்டரைக் கெடுக்கிறார்கள், நானும் கெடுத்திருக்கிறேன். முதன்முதலில் மாட்டிய தாளை ஒரே இழுப்பாகப் பின்னோக்கி இழுத்தேன். கிழிந்தது. வந்ததை எறிந்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாளாகத் தாளே இல்லாமல் ஜாம், ஜாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், நகம் அளவு துண்டு ஒன்று உள்ளே ஒரு சின்னக் கருப்பு நெம்புகோலுக்கு அடியில் சிக்கியிருந்தது. அந்த நெம்புகோல்தான் சென்சார். தாள் வரும்போது சாயும், போனதும் நிமிரும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அது கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பிரிண்டருக்குத் தெரியும். தாள் நேரத்துக்கு வந்து சேராவிட்டாலும் ஜாம், நேரம் கடந்தும் நெம்புகோல் நிமிராவிட்டாலும் ஜாம். இரண்டு தாள் முன்பின்னாக ஒட்டி வந்தால் அது 297-ஐவிட நீண்ட தாளாகத்தான் தெரியும், நிறுத்திவிடும்.

ஆகவே, டோனரை எடுத்துவிட்டு, தாளின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து, அது போகிற திசையிலேயே மெதுவாக இழுங்கள். கிழிந்தால் துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்து முழுத் தாள் ஆகிறதா என்று பாருங்கள். மூலை குறைந்தால், அது உள்ளேதான் இருக்கிறது. பாதியில் நின்ற தாளில் பவுடர் உருகியிருக்காது, கையில் அப்பும். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் கழுவினால் அப்பிக்கொள்ளும்.

ஃப்யூசருக்குப் பக்கத்தில் துருத்தி மாதிரி மடிந்து மாட்டினால், மறுபடியும் பேப்பர் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். ஈரத்தாள் அந்தச் சூட்டில் சுருளும். வெளியே வரும் தாளில் ஆவி பறப்பதைக்கூடச் சில நாள் பார்க்கலாம், எழுத்தும் ஆங்காங்கே மங்கலாக இருக்கும். ஒரு பக்கம் அடித்த தாளை மறுபக்கத்துக்குச் சூட்டோடு திருப்பி வைக்காதீர்கள். ஆறவிட்டு, ஒரு தடித்த புத்தகத்தின் அடியில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுப் போடுங்கள். பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தப்பில்லை, ஆனால் ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். ஒரு பின் உள்ளே போனால் ஃப்யூசர் மேலுறை கிழியும், அந்தச் செலவு பெரிது.

[காட்சி: மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பேப்பர் கட்டு.]

பேப்பரை எப்படி வைப்பது? கட்டின் உறையைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் புகாத பூச்சு அதன் உள்பக்கத்தில் இருக்கிறது. தேவையானதை எடுத்ததும் உறையை மடித்து, முறுக்கும் அப்பளமும் வைப்பது மாதிரி இறுகிய மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தரையில் வேண்டாம், மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் ட்ரேயில் இருபது முப்பது தாளுக்கு மேல் விடாதீர்கள், ராத்திரி மிச்சத்தை எடுத்து டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். வாங்கும்போது 75 அல்லது 80 ஜிஎஸ்எம் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 80 ஜிஎஸ்எம்மில் ஒரு ஏ4 தாள் 5 கிராம் இருக்கும். அதைவிட மெல்லிய தாள் நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் தொய்ந்துவிடுகிறது, இது என் அனுபவம்.

இவ்வளவும் செய்து, ரோலரும் மாற்றி, அப்போதும் இழுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. ஒரு பக்கத்தை அடிக்கச் சொல்லி, நிற்கிற இடத்திலேயே கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுங்கள். தாளின் முன் ஓரம் ட்ரேயை விட்டே வரவில்லையா, டோனருக்கு முன் நின்றதா, ஃப்யூசருக்குள் போய் நின்றதா என்பது அதில் தெரியும். அந்தப் போட்டோவை அவரிடம் காட்டுங்கள். எதைக் கழற்ற வேண்டும் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

[காட்சி: பிரிண்டர் ஓடுகிறது. தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.]